கொல்லைப்புறத்தில் ஓர் உலகப் பிரயாணம்

உலகப் பிரயாணம் செய்து திரும்பியவர்கள் எழுதும் கட்டுரைகளை நாம் ஆவலுடன் படிக்கிறோம். லண்டன் நகரத்து மூடுபனி, பாரிஸ் நகரத்துக் காப்பி, ஜப்பானில் செருப்பைக் கழற்றி வைக்க வேண்டிய இடம் எல்லாம் நமக்கு அத்துப்படி. ஆனால் நம்முடைய அடுக்களைப் பின்கதவைத் திறந்துகொண்டு போனால் வழியில் என்னென்ன தேசங்கள் வருகின்றன என்று எழுதுவார் யாரும் இல்லை. செலவில்லாத பிரயாணத்தை யார் மதிக்கிறார்கள்?

நான் சொல்லப் போகும் பிரயாணம் கும்பகோணத்தில் தொடங்கிக் கும்பகோணத்திலேயே முடிகிறது. காவேரியின் தென்கரையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய தெருவில் என் அத்தையின் வீடு இருக்கிறது. வாசலில் திண்ணை; பிறகு ரேழி, முற்றம், கூடம், அடுக்களை; அதற்குப் பின்னால் கிணற்றடி; அதற்கும் பின்னால் கொல்லை. கொல்லைக் கோடியில் ஒரு மரக்கதவு. அதைத் திறந்தால் படித்துறை. அடுக்களை வாசற்படியிலிருந்து அந்தக் கதவு வரையில் 82 காலடி தூரம். ஹோல்டால், பாஸ்போர்ட் ஒன்றும் வேண்டியதில்லை. கீரைப் பாத்தியை மிதிக்காமல் நடக்கத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கொல்லைக்கு நான்தான் தோட்டக்காரன். சம்பளம், இரண்டு வேளைக் காப்பி. அத்தை எஜமானி. மாமா ஆலோசகர். அதாவது, வேலையெல்லாம் முடிந்த பிறகு திண்ணையிலிருந்து எழுந்து வந்து, இதை வேறு விதமாகச் செய்திருக்க வேண்டும் என்று சொல்லுகிறவர்.

புறப்பட்ட மூன்றாவது காலடியிலேயே நியூகினித் தீவு வந்துவிடுகிறது. வாழையைத்தான் சொல்லுகிறேன். ஏறக்குறைய 7,000 வருஷங்களுக்கு முன்பே அந்தத் தீவில் வாழை பயிரிட்டதற்கு அடையாளங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பந்தலில் நம்மை வரவேற்கும் வாழையின் மூதாதையர் அந்தப் பக்கத்துத் தீவுகளிலிருந்தும் காடுகளிலிருந்தும் வந்தவர்களாம். வந்த விருந்தாளி வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டு மற்ற விருந்தாளிகளை வரவேற்பது நம் நாட்டில்தான் நடக்கும்.

பாத்திரம் தேய்த்த ஜலம் ஓடி வந்து விழுகிற இடம் வாழைக்கு உரியது. அதற்குச் செய்ய வேண்டிய தோட்ட வேலை பெரும்பாலும் மனத்தைக் கல்லாக்கிக்கொள்கிற வேலைதான். தாய் வாழையைச் சுற்றி ஐந்தாறு கன்றுகள் கிளம்புகின்றன. எல்லாவற்றையும் விட்டு வைத்தால் ஒன்றும் உருப்படாது. ஈட்டியைப் போல் குறுகிய இலைகளுடன் வருவது நல்ல கன்று. பிறந்த உடனேயே அகன்ற இலையை விரித்துக்கொண்டு நிற்பது நீர்க்கன்று. பார்வைக்கு அழகு, உள்ளே பலம் கிடையாது. "சின்ன வயசிலேயே பெரிய மனுஷத்தனம் பண்ணுகிறதையெல்லாம் பிடுங்கிப் போடு" என்பது அத்தையின் கட்டளை. குலை போட்ட தாயை வெட்டிய பிறகும் கன்று அந்த இடத்துக்கு வருவதில்லை. தான் நிற்கும் இடத்திலேயே வளருகிறது. ஆகவே தலைமுறைக்கு ஒரு சாண், ஒரு முழம் என்று வாழைக்கொத்தே நகர்ந்துகொண்டு போகிறது. அத்தை இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளில் ஜலதாரை வாயில் இருந்த பூவன், இப்போது கிணற்றடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காலில்லாமலே பிரயாணம் செய்கிற சாமர்த்தியம் அதற்கு இருக்கிறது.

கிணற்றடியில் கறிவேப்பிலை. அப்பாடா, சுதேச எல்லைக்குள் வந்துவிட்டோம்! இது நம்முடைய சொந்தச் செடி, சந்தேகமில்லை. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். தாவர சாஸ்திரத்தில் இதன் பெயருக்குள் ஓர் ஐரோப்பியர் உட்கார்ந்திருக்கிறார். இங்கிருந்து கிழக்கே கடற்கரையில் உள்ள தரங்கம்பாடி டேனிஷ்காரர்கள் வசம் இருந்த காலத்தில், 1768-ஆம் வருஷம், கோனிக் என்ற வைத்தியர் அங்கே வந்து இறங்கினார். ஸ்வீடன் தேசத்து லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மற்ற நேரமெல்லாம் செடி கொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பிறகு ஆற்காட்டு நவாபிடம் இயற்கை சாஸ்திரியாகவும் இருந்தார். குருநாதர் சிஷ்யனை மறக்கவில்லை. கறிவேப்பிலையின் சாஸ்திரப் பெயரில் 'கோனிகி' என்று சேர்த்துவிட்டார். அன்றாடம் நம் வீட்டு ரசத்தில் மிதந்து, இலையோரத்தில் ஒதுக்கப்படுகிறவர் அந்த மகானுபாவர்தான்.

கறிவேப்பிலைக் கன்று நட்டவர்களுக்கு முதலில் வேண்டியது பொறுமை. இரண்டு வருஷம் வரையில் அது தியானத்தில் இருக்கும். புளித்த மோர் ஊற்றினால் தியானம் கலையும் என்பது தெருவிலுள்ள அத்தனை பெண்மணிகளும் ஒப்புக்கொண்ட வைத்தியம். அதைவிட, நுனியைக் கிள்ளிவிடுவது நல்லது. பக்கக் கிளைகள் வெடிக்கும். மழைக்காலத்தில் இலைமேல் பறவை எச்சம் போல் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டிவிடப் போனால் அது நகரும்! வண்ணத்துப்பூச்சியின் புழு அது. சில நாளில் வேஷத்தை மாற்றிக்கொண்டு பச்சைச் சட்டை போட்டுக்கொள்ளும். அவற்றை நான் கொல்லுவதில்லை. இலையோடு எடுத்து நாரத்தை மரத்தில் விட்டுவிடுகிறேன். நாரத்தை இலையும் அவற்றுக்குப் பிடித்த ஆகாரம்தான். நாரத்தை மரம் என்ன நினைக்கிறதோ, அதை நான் கேட்டதில்லை.

கிணற்றைத் தாண்டினால் பூச்செடிகள். இங்கே கொஞ்சம் நிதானமாக நடக்க வேண்டும். தேசங்கள் நெருக்கமாக வருகின்றன.

வேண்டாமென்றாலும் வளருகிற நித்தியகல்யாணியின் பூர்விகம் மடகாஸ்கர் தீவு. ஆடு மேயாது, வெயிலுக்குச் சாகாது என்பதைத் தவிர அதைப் பற்றி நல்ல வார்த்தை சொல்வார் கிடையாது. சில ஊர்களில் அதற்குச் சுடுகாட்டுப் பூ என்றே பெயர். 1950-களில் கானடா தேசத்தில் இதன் இலை நீரிழிவுக்கு உதவுமா என்று ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போனதில் 1958-ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்தும், அதைத் தொடர்ந்து வின்கிரிஸ்டினும் கிடைத்தன. ரத்தப் புற்றுநோயால் வாடும் எத்தனையோ குழந்தைகளை இன்று பிழைக்க வைக்கும் மருந்துகளில் ஒன்று அது. இதைப் படித்த நாளிலிருந்து களை எடுக்கும்போது அந்தச் செடியருகில் என் கை சற்றுத் தயங்குகிறது. அத்தையின் கை தயங்குவதில்லை. "ஒன்று இருந்தால் போதும். ஒன்பது எதற்கு?" என்கிறாள். அதுவும் நியாயம்தான்.

அடுத்தது அந்திமந்தாரை. சுத்தமான தமிழ்ப் பெயர். சுத்தமான அமெரிக்கச் செடி. சாயங்காலம் நாலு மணிக்கு, ஆபீஸ் கலைகிற நேரத்தில், வேலைக்கு வருகிற பூ. இதற்கு நேர் எதிர் கனகாம்பரம். வாசனையில்லை என்று அதைக் குறை சொல்லுகிறோமே, அதுதான் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமான அசல் சுதேசி. அதன் விதையைச் சேகரிக்க ஒரு தந்திரம் உண்டு. காய்ந்த கதிரின்மேல் நாலு சொட்டு ஜலம் தெளித்துவிட்டு விலகி நிற்க வேண்டும். சற்று நேரத்தில் 'படக் படக்' என்று காய்கள் வெடித்து விதைகள் நாலா பக்கமும் பறக்கும். குழந்தைகளை அழைத்து வைத்துக்கொண்டு செய்தால் தீபாவளிச் செலவு மிச்சம்.

மதிலின்மேல் படர்ந்து கிடப்பது காகிதப்பூ. பூ என்று நாம் நினைப்பது பூவல்ல; நிறம் மாறிய இலைகள்தான். உள்ளே வெள்ளையாக, குச்சி போல் இருப்பதுதான் பூ. இதற்கு உபசாரம் செய்யக் கூடாது. ஜலம் அதிகம் விட்டால் இலையாகத் தள்ளும். அலட்சியம் செய்தால் பூத்துத் தள்ளும். இந்தச் செடிக்குப் பின்னால் ஒரு நாவலே இருக்கிறது. பூகன்வீல் என்ற பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் 1766-ல் உலகத்தைச் சுற்றிவரப் புறப்பட்டார். அந்தப் பிரயாணத்தில் சென்ற தாவர சாஸ்திரி கோமெர்ஸோன், 1767-ல் தென் அமெரிக்காவில் ரியோ டி ஜெனீரோ துறைமுகத்தில் இந்தக் கொடியைக் கண்டெடுத்துத் தலைவர் பெயரை வைத்தார். கோமெர்ஸோனுக்கு ஓர் உதவியாளன். மூட்டை சுமப்பது, மலையேறிச் செடி பறிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. அவன் அவனல்ல, அவள்! ழான் பாரே என்ற பெண்மணி. பிரெஞ்சுக் கடற்படைக் கப்பலில் பெண்கள் ஏறக் கூடாது என்று சட்டம் இருந்தபடியால் ஆண் வேஷத்தில் ஏறிக்கொண்டாள். உலகத்தைச் சுற்றி வந்ததாகத் தெரியவரும் பெண்களில் அவள்தான் முதல்வள். இந்தக் கதையை அத்தையிடம் சொன்னேன். பூத்தொடுத்த கை நிற்காமலே, "மூட்டை தூக்கினவள் அவள், பெயர் அந்தத் தளபதிக்கா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு அத்தை அதைக் காகிதப்பூ என்று சொல்வதில்லை. 'அந்தப் பெண்ணின் கொடி' என்கிறாள்.

இனிப் பந்தல். ஆடி மாதத்தில் விதை போட்டால் தை மாதத்தில் பொங்கல் குழம்புக்குக் காய் கிடைக்க வேண்டும். இதுதான் கொல்லையின் ஐந்தாண்டுத் திட்டம், பத்தாண்டுத் திட்டம் எல்லாம். மேட்டூர் அணையில் தண்ணீர் இருக்கும் வருஷங்களில் ஜூன் 12-ஆம் தேதி மதகைத் திறக்கிறார்கள். அது கல்லணை தாண்டிக் கும்பகோணம் வந்து எங்கள் படித்துறையைத் தொடுவதற்குள் நான் பாத்திகளைக் கொத்தி, சாம்பலும் மக்கின சாணமும் கலந்து வைத்துவிட வேண்டும். புடலை நம் நாட்டுச் செடி. ஆனால் ஒழுங்காக வளரத் தெரியாது. பிஞ்சின் நுனியில் கூழாங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் நேராக நீளும், இல்லாவிட்டால் சுருண்டுகொள்ளும். இருபது புடலம்பிஞ்சுகளுக்குக் கல் கட்டிவிட்டுப் பந்தலுக்கு அடியில் நிமிர்கிறவன் தலைக்கு என்ன ஆகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பக்கத்தில் பரங்கி. இது யோக்கியமான அந்நியன். நான் பறங்கிதான் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியிருக்கிறது.

பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் மாமாவின் பகிஷ்காரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மாமா இன்றைக்கும் கதர் தவிர வேறு துணி உடுத்தாதவர். ஒரு சுதந்திர தினத்தன்று, கொடியேற்றிவிட்டு வந்த உற்சாகத்தில், "இந்தக் கொல்லையில் இனிமேல் சுதேசிச் செடிகள் மட்டுமே இருக்க வேண்டும். நீ ஜாபிதா தயார் செய்" என்று எனக்கு உத்தரவு போட்டார். நான் தயார் செய்துகொண்டு போய் வாசித்தேன். கொய்யா, பப்பாளி, இரண்டும் அமெரிக்கா. தக்காளியும் அப்படியே. மாலை கட்டுகிற செண்டுமல்லி மெக்ஸிகோ. சாமந்தி, சீனா. பாயசத்துக்கு முந்திரி, போர்த்துகீசியர் பிரேஸிலிலிருந்து கொண்டுவந்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் "போகட்டும், போகட்டும்" என்று தலையை ஆட்டினார். சீதாப்பழம் என்று வாசித்தபோது சற்று அதிர்ந்தார். "சீதாதேவியின் பெயர் வைத்த பழமா?" என்றார். ஆமாம், சீதாவும் அமெரிக்கா, அதன் ஒன்றுவிட்ட சகோதரனான ராம்சீதாவும் அமெரிக்கா. கோனிக்கின் பெயரைத் தாங்கியது நம் செடி. சீதையின் பெயரைத் தாங்கியது அவர்கள் செடி!

கடைசியாக மிளகாய் என்று வாசித்தேன்.

கொலம்பஸ் 1492-ல் புறப்பட்டது நம்முடைய வாசனைச் சரக்குகளைத் தேடிக்கொண்டுதான். மிளகைத் தேடிப் போனவர் மிளகாயைக் கண்டார். அவருடைய தேசத்தார் அதை மிளகின் இனமென்றே நினைத்துப் பெயர் வைத்தார்கள். போர்த்துகீசியர் கப்பலில் அது இங்கே வந்து இறங்கியபோது நாமும் அதே மாதிரி 'மிளகு போன்ற காய்' என்று பெயர் வைத்துவிட்டோம். இதையெல்லாம் நான் விஸ்தரித்து முடிப்பதற்குள் அடுக்களையிலிருந்து அத்தையின் குரல் வந்தது: "தாராளமாகப் பிடுங்கச் சொல்லு. இன்றையிலிருந்து தினமும் சிராத்தச் சமையல்தான்."

அதில் பெரிய சரித்திரம் அடங்கியிருக்கிறது. சிராத்த தினத்தில் இந்த வீட்டு அடுப்பங்கரைக்குள் மிளகாய் வரக் கூடாது. தக்காளி, உருளைக்கிழங்கு, கோஸ் எதுவும் வரக் கூடாது. காரத்துக்கு மிளகு, கறிக்கு வாழைக்காய், பாகல், புடல், அவரை, சேப்பங்கிழங்கு. பிதிர்கள் எந்தக் காய்களை அறிவார்களோ அவைதான் இலையில் விழலாம். வாஸ்கோடகாமா 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்குவதற்கு முன்னால் நம்முடைய சமையல் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளப் புஸ்தகசாலைக்குப் போக வேண்டியதில்லை. சிராத்தச் சாப்பாட்டில் உட்கார்ந்தால் போதும். ஆனாலும் சாஸ்திரத்தின் கண்ணிலேயே மண்ணைத் தூவிய ஒரு செடி உண்டு. அது சுண்டை. ஏகாதசி உபவாசத்துக்கு மறுநாள், துவாதசிப் பாரணையில், அகத்திக்கீரையோடும் நெல்லிக்காயோடும் ஆசாரமாக உட்கார்ந்திருக்கும் சுண்டைக்காய் அமெரிக்க வெப்ப நாடுகளில் பிறந்த செடி என்று தாவர சாஸ்திரிகள் சொல்லுகிறார்கள். மிளகாயைப் போல் வாசலில் நின்று சத்தம் போடாமல், கொல்லைப்புறமாக உள்ளே வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

மாமாவுக்குத் தயிர் சாதத்துக்கு மோர்மிளகாய் வேண்டும். இரண்டு இருந்தால் நல்லது. அன்று மத்தியானம் இலையில் மோர்மிளகாய் விழவில்லை. சாயங்காலம் பகிஷ்காரம் காலவரையறையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

கொல்லைக் கோடியில், ஆற்றங்கரைக் கதவுக்குப் பக்கத்தில், முருங்கை நிற்கிறது. காற்றடித்தால் கிளை ஒடியும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி கொத்துக்கொத்தாக அப்பிக்கொண்டிருக்கும். அதில் பேய் குடியிருக்கும் என்பார்கள். குடியிருந்தால் கம்பளிப்பூச்சியின் அரிப்பைத் தாங்குகிற பேயாகத்தான் இருக்க வேண்டும். இவ்வளவு அபவாதங்களுக்கு ஆளான இந்த மரம்தான் நம்முடைய பெயரை உலகமெல்லாம் கொண்டுபோயிருக்கிறது. சாஸ்திரப் பெயரான 'மொரிங்கா' என்பது முருங்கை என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நாம் ஒரு கைப்பிடி கீரையைப் பக்கத்து வீட்டுக்குச் சும்மா கொடுக்கிறோம். அதே கீரையை உலர்த்திப் பொடியாக்கி, மொரிங்கா என்று சீட்டு ஒட்டி, மேல்நாட்டுக் கடைகளில் சீசாவில் விற்கிறார்கள். முருங்கைக்கு விதை தேட வேண்டாம். கையளவு பருமனுள்ள ஒரு போத்தை வெட்டி ஊன்றி, தலையில் ஓர் உருண்டை சாணியை அப்பிவிட்டால் போதும். கிளைகளை மட்டும் வருஷத்துக்கு ஒரு தரம் வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் காய்கள் ஆகாயத்தில் காய்க்கும்.

அந்த மரத்தடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தால் முன்பெல்லாம் ஆற்றோரம் நெடுகக் கொல்லைகள்தான் தெரியும். இப்போது இடது பக்கத்து வீட்டில் கொல்லை முழுவதும் சிமெண்டுத் தளம். குப்பை விழுகிறது, பாம்பு வருகிறது, பெருக்க ஆள் கிடைக்கவில்லை என்று தொடங்கினார்கள். வரிசையாக அறைகள் கட்டி முடித்திருக்கிறார்கள். 2028-ல் மகாமகம் வருகிறதல்லவா? யாத்ரீகர்கள் தங்க இடம் வேண்டும். அதைக் குற்றம் சொல்லுவதற்கில்லை. மழைநீரைப் பூமிக்குள் விட வேண்டும் என்று 2003-லேயே நம் சர்க்கார் எல்லா வீடுகளுக்கும் சட்டம் செய்திருக்கிறார்கள். அந்த வீட்டிலும் குழாய் வைத்து ஒரு தொட்டி கட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் ஐப்பசி மழையில் அந்தத் தளத்தில் விழுகிற ஜலம் பெரும்பாலும் சாக்கடைக்குத்தான் போகிறது. சித்திரை மாதத்தில் அவர்கள் எங்கள் கிணற்றுக்குக் குடத்தோடு வருகிறார்கள். அத்தை கயிறும் வாளியும் எடுத்துக் கொடுக்கிறாள்.

பெங்களூரிலிருக்கும் அத்தையின் பிள்ளைக்கும் இதே யோசனை வந்திருக்கிறது. அவன் சொல்லுவதிலும் அர்த்தம் இருக்கிறது. மாமாவுக்கு வயது எண்பது. அத்தைக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமைத் தோட்டக்காரனை எத்தனை நாள் நம்புவது? நாலு அறை கட்டினால் மாத வருமானம் வரும். வயதான காலத்தில் வைத்தியச் செலவுக்கு ஆகும். மாமா இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். போன ஆனி மாதம் ஒரு கட்டிட மேஸ்திரி வந்து, நாடாப் பிடித்து அளந்து, பந்தலடியிலிருந்து முருங்கை வரையில் சுண்ணாம்பால் கோடு போட்டுவிட்டுப் போனார். கிணற்றை மூட வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அத்தை அவருக்குக் காப்பி கொடுத்து, முருங்கைக்காய் ஒரு கட்டும் கொடுத்து அனுப்பினாள். வேறு ஒன்றும் பேசவில்லை.

ஆடி பிறந்தது. பதினெட்டாம் பெருக்கன்று படித்துறையில் காவேரிக்குப் பூஜை செய்துவிட்டு வந்த கையோடு, அத்தை என்னிடம் மண்வெட்டியைக் கொடுத்துக் குழி வெட்ட வேண்டிய இடங்களைக் காட்டினாள். நாலு குழிகள். நாலும் சரியாகச் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே இருந்தன. "அத்தை, இங்கேயா?" என்றேன். "ஏன், இங்கே வெயில் நன்றாக விழுகிறதே" என்றாள். பரங்கி விதைகளைப் போட்டு மண்ணைத் தள்ளினோம். இப்போது புரட்டாசி. கொடி கோட்டைத் தாண்டிப் போய் முருங்கையின் தூரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் பூக்களுக்கு நடுவில் ஏழு பிஞ்சுகள் எண்ணியிருக்கிறேன். பெங்களூரிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் வந்தது. வேலையை எப்போது ஆரம்பிக்கலாம் என்று கேட்டான். மாமா கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "பொங்கலுக்குப் பரங்கிக்காய் பறித்த பிறகு பார்க்கலாம்" என்று சொன்னார்.